சித்திக்கு வலப்பக்கம்

பதினெட்டாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். மிருதுளாவின் கைச்சீட்டில் முப்பத்தொன்று. இன்னும் பதின்மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் சித்தியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள், நினைத்த கையோடு இந்தச் சீட்டு முப்பத்தொன்றாக இல்லாமல் நூற்றுப்பத்தாக இருந்திருக்கக் கூடாதா என்றும் நினைத்தாள். ஆர்.டி.ஓ. மைதானத்தில் புங்கமரத்தின் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதன் இடது ஓரத்தில் திலகவதி சித்தி, அவளுக்கு வலப்பக்கம் மிருதுளா. எதிரே வெயிலில் லைசென்ஸ் தேர்வுக்காக மூங்கில் கம்புகளை நட்டு ‘எச்’ எழுத்து வடிவில் தடம் போட்டிருந்தார்கள், ஒரு நீலக் கார் அதற்குள் பின்னாலேயே வந்து திக்கித் திணறிக்கொண்டிருந்தது. “என்னடி பண்றான்?” என்று சித்தி கேட்டாள். “ரிவர்ஸ் எடுக்கறார் சித்தி.” “அது தெரியுது. கம்பு விழுந்துச்சா?” “இன்னும் இல்ல.” சொல்லி முடிப்பதற்குள் கம்பு விழுந்தது, சத்தம் கேட்டுச் சித்தி, “அடப் பாவமே, கண்ணு வெச்சுட்டேன் போல” என்று சிரித்தாள். கண் என்ற வார்த்தை இந்த நாலு மாதமாக வீட்டில் எங்கே விழுந்தாலும் மிருதுளா தலையைக் குனிந்துகொள்கிறாள். சித்தியின் வலக்கண்ணில் ஓரப்பார்வை போய்விட்டது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், இனி வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்று ஏப்ரலில் டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, மேசையில் கிடந்த பேனாவை மூடியபடி, ஒரு ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா இவ்வளவு போயிருக்காதும்மா என்றார். ஏப்ரலுக்கு ஆறு மாதம் முன்னால் அக்டோபர். அக்டோபரில் அவர்கள் இரண்டு பேரும் கிரீஸில் இருந்தார்கள். அங்கே வைத்தே, டாக்டருக்கும் ஊரில் எல்லாருக்கும் முன்னால், சித்திக்கு வலப்பக்கம் தெரியவில்லை என்பதை மிருதுளா பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டாள். சொல்ல வேண்டியது அவ்வளவுதான், ஒரு வாக்கியம், அதை நாலு மாதமாக வாயில் வைத்துக்கொண்டு திரிகிறாள்.

கிரீஸ் என்றுகூட அவர்கள் முதலில் நினைத்திருக்கவில்லை. தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிய சித்தி ஐரோப்பாவில் ஏதாவது ஒரு நாட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினாள், அந்த மாதம் விசாவுக்கு நாள் கிடைத்தது கிரீஸ் ஒன்றுக்குத்தான், “நம்மளக் கூப்பிடற வீட்டுக்குத்தானே விருந்துக்குப் போக முடியும்” என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். துணைக்கு மிருதுளா. கரூரில் அப்பா அம்மா இருக்க, கல்லூரிக்காகத் திருச்சிக்குச் சித்தி வீட்டுக்கு வந்தவள், படிப்பு முடிந்து அதே கல்லூரியில் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் சித்தி வீட்டிலேயே தங்கிவிட்டவள், புத்தகத்தை நீட்டுகிறவர்களிடம்கூட நிமிர்ந்து பார்க்காமல் முத்திரை குத்திக் கொடுக்கிறவள். பத்து வருடமாக அவளைக் காலையில் கொண்டுபோய் விட்டதும் சாயங்காலம் கூட்டிக்கொண்டு வந்ததும் சித்தியின் வெள்ளை வேகன்ஆர்தான். ஏதென்ஸில் இறங்கியதும் முதல் டாக்ஸியில் என்ன நடந்தது? சித்தி வழக்கப்படி முன் சீட்டில் உட்காருவதற்காக இடப்பக்கம் போய்க் கதவைத் திறந்தாள், அங்கே ஸ்டியரிங் இருந்தது, டிரைவர் இருந்தான். “மேடம், நீங்களா ஓட்டப் போறீங்க?” என்று அவன் இங்கிலீஷில் கேட்டான். “குடுத்தா ஓட்டுவேன், முப்பது வருஷ சர்வீஸ்” என்றாள் சித்தி, அதையும் இங்கிலீஷில்தான், ஆனால் திருச்சி இங்கிலீஷில். மறுநாளும் அதே கதவைத் திறந்தாள், அதற்கடுத்த நாளும். பத்து நாளில் ஏழு டாக்ஸி ஏறினார்கள், ஏழிலும் டிரைவர் பக்கத்துக் கதவுதான். மிருதுளா பின்சீட்டில் சுருங்கிக்கொண்டு, வெட்கத்தில் காது சுட, அதே சமயம் சிரிப்பை அடக்கமாட்டாமல் பையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பு இப்போதும் அப்படியே வருகிறது, வந்து பாதியில் நின்றுவிடுகிறது, ஏனென்றால் அந்த நாட்டில் டிரைவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்த சித்திக்கு வலப்பக்கம் ஜன்னல்தான் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது, கடல் எங்கடி கடல் எங்கடி என்று சித்தி கழுத்தை முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போது அதை ஆசை என்றுதான் மிருதுளா நினைத்தாள். அது ஆசைதானே? ஆசையாகவும் இருந்திருக்கலாம்.

இருபத்திரண்டு. ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். டிரைவிங் ஸ்கூல் ஜெபராஜ் மாஸ்டர் கையில் கோப்போடு வந்து, “மேடம், தண்ணி கிண்ணி குடிச்சீங்களா, பாப்பா ஏன் வெளிறிப் போயிருக்கு?” என்றார். “அவ பொறந்தப்பவே அப்படித்தான் மாஸ்டர்.” “ரிவர்ஸ்லதான் பாப்பா பயப்படுது. இடது பக்கம் போகணும்னா வலது பக்கம் ஒடிக்குது, வலது பக்கம் போகணும்னா ஆண்டவரே.” “சிகா சிகான்னு சொல்லிக்கிட்டே எடுக்கச் சொல்லியிருக்கேன்.” “என்னது மேடம் அது?” “மெதுவா மெதுவான்னு அர்த்தம். அந்த ஊருப் பாஷை.” மாஸ்டர் சிகா சிகா என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். சிகா சிகா என்று முதலில் சொன்னது பாலத்தில் நின்ற பஸ்காரர். கொரிந்த் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போகிற உள்ளூர் பஸ், முன் கண்ணாடியில் மாதா படமும் உருட்டுகிற மணிமாலையும் தொங்கின, வழியில் கோயிலைக் கண்டால் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார், “நம்ம சமயபுரம் ரூட் பஸ்ஸேதான்” என்று சித்தி கிசுகிசுத்தாள். ஒரு கால்வாயின் முனையில் பஸ் நின்றது. பாலத்தை மேலே தூக்குவார்கள் என்று இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். பாலம் மேலே எழவில்லை, மூழ்கியது. ரோடு போட்ட பலகையோடு, கோடு போட்ட தாரோடு, குளிக்க இறங்குகிற எருமை மாதிரி நிதானமாகத் தண்ணீருக்குள் போய்விட்டது, அதன் தலைக்கு மேலே ஒரு பாய்மரப் படகு போயிற்று. டிரைவர் இறங்கிக் காப்பி குடிக்கப் போனார், கேட்டதற்கு, “சிகா சிகா” என்று கையை அமர்த்தினார். பாலம் மறுபடி மேலே வந்தபோது அதன் முதுகில் நாலைந்து மீன்கள் துள்ளின, ஒரு கிழவி முறத்தில் அள்ளுவதுபோல அள்ளிக்கொண்டு போனாள். மூழ்கின இடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல பஸ் ஈரத் தாரில் ஏறிப் போயிற்று. மூழ்கியது, வந்தது, ஏறிப் போனோம். எல்லாம் அப்படி வந்துவிடும் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்! போனது திரும்பாதும்மா என்று டாக்டர் பேனாவை மூடினார்.

அதற்கு அடுத்த நாள்தான் தீவு. ஹைட்ரா என்று பெயர், அங்கே காரும் கிடையாது, பைக்கும் கிடையாது, சைக்கிள்கூடக் கண்ணில் படவில்லை. கடலில் போகப் படகு டாக்ஸி, மேட்டில் ஏறக் கோவேறு கழுதை. படகுத்துறையிலேயே அவை வரிசையாக நின்றன, நம் ஊர் ஸ்டாண்டில் ஆட்டோ நிற்பதுபோல, ஒன்று தூங்கிக்கொண்டும் ஒன்று அடுத்ததன் வாலைப் பார்த்துக்கொண்டும். சிமெண்ட் மூட்டையா, கழுதை. தண்ணீர் பாட்டிலா, கழுதை. யாரோ புதிதாக வீடு கட்டுகிறார்கள் என்று கதவு, ஜன்னல், கழிப்பறைப் பீங்கான் எல்லாம் படியேறிப் போயின. சித்தி குழந்தை மாதிரி ஆகிவிட்டாள். “மிருது, அங்க பாரு, அங்க பாரு, வாஷிங் மிஷின் சவாரி போவுது!” இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர் வைத்த சந்து, படிக்கட்டுச் சந்து, ஒரு இடத்தில் வலப்பக்கத்திலிருந்து இன்னொரு சந்து வந்து சேரும். அந்தச் சந்தில் மணிச்சத்தம் கேட்டது. முதலில் மணி, பிறகு குளம்பு, பிறகு முதுகில் ஒரு முழு ஃபிரிட்ஜைக் கட்டிக்கொண்டு கோவேறு கழுதை. மிருதுளா பார்த்தாள். எதிரே வந்தவர்கள் பார்த்துச் சுவரோரம் ஒதுங்கினார்கள். சித்தி நேராகப் பார்த்தபடி நடந்தாள், மணி எங்கே என்று தேடுவதுபோல இடப்பக்கம்கூடத் திரும்பினாள், அப்படியே போய் ஃபிரிட்ஜில் மோதினாள். சந்தே சிரித்தது. சித்திதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். “ஊர்ல ஃபிரிட்ஜ் இருக்கற இடத்துலதான் நான் போய் நிப்பேன், இங்க ஃபிரிட்ஜே என்னைத் தேடி வருதுடி!” பையிலிருந்து ஒரு தட்டையை எடுத்துக் கழுதைக்கு நீட்டினாள், கழுதைக்காரர் முகவாயைத் தூக்கி ‘ச்சு’ என்று நாக்கைத் தட்டினார், “பாரு, நம்மள மாதிரியே ச்சு கொட்டி வேணாங்கறாரு” என்று அதற்கும் மகிழ்ந்து தட்டையைத் தானே கடித்தாள். மிருதுளா சிரிக்கவில்லை. சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். மோதுவதற்கு முந்தைய ஒரு நொடி அவளுக்குள் மாட்டிக்கொண்டது, இன்றுவரை மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு ஃபிரிட்ஜ் வருகிறது, வெள்ளையாக, ஆள் உயரத்துக்கு, வெயில் பட்டுப் பளபளத்துக்கொண்டு, அது ஒருத்தி கண்ணில் படவில்லை என்றால் என்ன அர்த்தம்? காலையில் ஹோட்டலில் காப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டது வலக்கையால். முந்தின நாள் பஸ் கம்பியில் தோள் இடித்தது வலத்தோள். நூலகத்தில் வரிசை தப்பின புத்தகத்தைக் கண்டுபிடிப்பதுபோல அவள் மனசு தானாகவே எடுத்து எடுத்து அடுக்கியது. அடுக்கி முடித்ததும் அவள் செய்தது ஒன்றுதான். இடப்பக்கம் நடந்துகொண்டிருந்தவள் சித்திக்குப் பின்னால் சுற்றி வந்து வலப்பக்கம் நடக்க ஆரம்பித்தாள். சொல்வதற்குப் பதிலாக அதைச் செய்தாள். ஏன் சொல்லவில்லை? இரண்டு நாள் முன்னால்தான் வந்து இறங்கியிருக்கிறோம், சித்தியின் வாழ்க்கையில் முதல் வெளிநாடு, இதைக் கெடுப்பதா என்று ஒரு காரணம். ஊருக்குப் போய்ச் சொல்லலாம் என்று இன்னொன்று. ஊருக்குப் போனதும் தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, பிறகு தேர்வு வந்தது, அட்டவணை வேலை வந்தது, சித்தி நன்றாகத்தானே ஓட்டுகிறாள் என்று வேகன்ஆரில் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒன்று கிடந்தது, அதை எடுத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. சித்தியால் ஓட்ட முடியாவிட்டால் என்னை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? அப்படி நினைத்தேனா? நினைத்தேன். மார்ச் கடைசியில் கேட்டுக்குள் திரும்பும்போது வேகன்ஆரின் வலப்பக்கம் தூணில் உரசிக் கதவு உள்ளே போயிற்று. அந்த ஒடுக்கு அப்படியேதான் இருக்கிறது, இதோ மரத்தடியில் நிற்கிற வண்டியில், வெயில் அதற்குள் மட்டும் வேறு மாதிரி தேங்கியிருக்கிறது.

“இந்தாங்க மாஸ்டர், நம்பலைன்னீங்களே, பாருங்க.” சித்தி போனை நீட்டிக்கொண்டிருந்தாள். ஐயோ, அந்தப் போட்டோ. இருபத்தாறா, இருபத்தேழா, யாரைக் கூப்பிட்டார்கள்? “இதுதான் அந்தக் குட்டி ரயில். அறுபது சென்டிமீட்டர்தான் தண்டவாளம், கிழவன் நடக்கற வேகம், மலை மேல ஒரு ஊர் வரைக்கும் போகும். அங்க போனா ரயில் திரும்பணுமில்ல? என்ஜினை மட்டும் கழட்டி ஒரு வட்ட மேடையில நிறுத்துவாங்க. கரண்ட் கிடையாது, மிஷின் கிடையாது. கையால தள்ளித்தான் திருப்பணும். வந்த ஜனங்களையே கூப்பிட்டாங்க. நான் போனேன். இதோ நான். இது யாருன்னு தெரியுதா?” மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “பாப்பாவா! பல்லைக் கடிச்சுக்கிட்டு தள்ளுது!” “நாலு பேர் முன்னாடி டீ கேட்டு வாங்கமாட்டா மாஸ்டர். அன்னைக்கு முன்னப் பின்னத் தெரியாத ஆம்பளைங்க பொம்பளைங்க நடுவுல புகுந்து என்ஜினைத் தள்ளினா. எங்க மிருது வெட்கத்தை விட்ட நாள் அதுதான். அதனாலதான் சொல்றேன், இதெல்லாம் என்ன பெரிய எச்சு!” இந்தப் போட்டோவைச் சித்தி எத்தனை பேருக்குக் காட்டியிருப்பாள்? பால்காரருக்கு, பக்கத்து வீட்டு ராஜாத்தி அம்மாவுக்கு, கண் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு. ஒவ்வொரு தடவையும் மிருதுளாவுக்கு அந்த இரும்பின் எண்ணெய் வாசனை வரும், மலைக்குக் கீழே ஆலிவ் மரங்கள் வெள்ளியாகப் புரண்டது தெரியும், ரயில் கார்டு தன் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எல்லாரையும் வரச்சொல்லிக் கூப்பிட்டது கேட்கும். அவள் போவதாக இல்லை. பைகளைக் கட்டிக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தாள், அத்தனை பேர் பார்க்க முன்னே போவதைவிட மலையிலிருந்து குதிப்பது சுலபம் என்று இருந்தது. சித்தி போய்த் தள்ளுகோலில் கை வைத்தாள். இடக்கை சரியாக இரும்பைப் பிடித்தது. வலக்கை காற்றைப் பிடித்தது. ஒரு முறை, இன்னொரு முறை, விரல்கள் திறந்து மூடின, இரும்பு ஒரு சாண் தள்ளி இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. கார்டு, “சிகா, சிகா” என்று தொடங்கிவிட்டார், இப்போது தள்ளினால் சித்தி குப்புற விழுவாள். பைகள் எப்போது கீழே விழுந்தன, எப்போது ஓடினாள் என்று மிருதுளாவுக்கே தெரியாது. சித்தியின் வலப்பக்கம் புகுந்து, அவள் கையைப் பிடித்து இரும்பில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துத் தள்ளினாள். எத்தனையோ டன் இரும்பு, முதலில் அசையவே இல்லை, பிறகு அவ்வளவு லேசாக நகர்ந்தது, யாரும் தனியாகத் தள்ளவில்லை என்பது அதற்குத் தெரிந்தமாதிரி. எதிரே யாரோ ஒரு ஜெர்மன்காரர் படம் பிடித்தார், பிறகு சித்தியின் போனுக்கு அனுப்பினார். அந்தப் படத்தில் இருப்பது தைரியம் இல்லை. அது தெரிந்துவைத்திருந்தவளின் பயம். எல்லாம் தெரிந்து ஓடி வந்தவள், ஓடி வந்து கையைப் பிடித்தவள், வாயைத் திறக்கவில்லை.

“முப்பது வந்தாச்சு, முப்பத்தொண்ணு ரெடியா இருங்க” என்று மாஸ்டர் குரல் கொடுத்துவிட்டு வேகன்ஆரை எடுத்து வரப் போனார். இப்போது இல்லை என்றால் இல்லை. இல்லை, முடித்துவிட்டு வந்து சொல்லலாம், கம்பு விழுந்தால் அந்த வருத்தத்தோடு இதையும் சேர்த்து, இல்லை, கம்பு விழாவிட்டால் அந்தச் சந்தோஷத்தில், இப்படித்தானே பொங்கல் வந்தது, தேர்வு வந்தது. “சித்தி” என்றாள். “சொல்லு.” “அந்தப் போட்டோவை இனிமே யாருக்கும் காட்டாதீங்க.” “ஏன்டி, நல்லாத்தானே இருக்க?” “நான் தைரியத்துல வரல. உங்களுக்கு வலது பக்கம் தெரியலைன்னு எனக்குத் தெரியும். அந்தத் தீவுல, ஃபிரிட்ஜ்ல மோதினீங்கல்ல, அப்பவே தெரியும். நான்தான் சொல்லல.” வாக்கியம் வெளியே வந்துவிட்டது. புங்கம்பூ ஒன்று சித்தியின் மடியில் விழுந்தது. நீலக் கார் எங்கோ ஹாரன் அடித்தது. சித்தி போனை அணைத்து, பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். “ஏதென்ஸ் ஹோட்டல் பாத்ரூம்ல ஒரு பெரிய கண்ணாடி இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?” என்றாள். “இடது கண்ணை மூடிட்டு அதுல பார்த்தேன். என் காதைக் காணோம். தோளைக் காணோம். ரெண்டாவது நாளு.” மிருதுளா அவள் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா?” “ஊருக்கு வந்ததும் போய்க் காட்டணும்னுதான் இருந்தேன். காட்டினா சாவியைப் பிடுங்கிடுவாங்கன்னு தள்ளிப் போட்டேன். முப்பது வருஷமா நானே எனக்கு டிரைவர். ஆறு மாசம்னு டாக்டர் சொன்னது உன்கிட்ட இல்லடி. என்கிட்ட.” “நானாவது...” “நீ என்ன பண்ணே தெரியுமா? அந்தத் தீவுல திடீர்னு பின்னாடி சுத்தி வந்து வலது பக்கம் நடக்க ஆரம்பிச்சே. அன்னையிலேர்ந்து வீட்ல, கடையில, ஆஸ்பத்திரியில, இதோ இந்த பெஞ்சுல, ஒரு நாளும் மாறல. எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. ஏன்டின்னு கேட்டா வெட்கப்பட்டுக்கிட்டு நிறுத்திடுவியோன்னு கேக்கல.” பிறகு தன் வழக்கமான குரலில், “ரெண்டு பேரும் சேர்ந்து மண்டூகமா இருந்திருக்கோம். எழுந்திரு, உன்னைக் கூப்பிடறான்” என்றாள்.

சீட் பெல்ட்டைப் போட்டாள். இன்ஸ்பெக்டர் கோப்பில் எதையோ எழுதிக்கொண்டே தலையை அசைத்தார். பக்கத்தில் மாஸ்டர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். முன்னால் போவது போய்விட்டது, எப்போதும் போய்விடும். நிறுத்தி ரிவர்ஸ் போட்டாள். கண்ணாடியில் கம்புகள் தலைகீழாக இல்லை, ஆனால் மனசில் தலைகீழாக இருந்தன, இடது என்றால் வலது, வலது என்றால் ஆண்டவரே. சிகா. வலக்கண்ணாடியில் கம்பு ஒன்று வந்தது. பின்னால் வருவதை, ஓரத்தில் வருவதைப் பார்ப்பதுதானே இதில் எல்லாம், அதைத்தான் அவள் வாழ்நாளெல்லாம் செய்துகொண்டிருக்கிறாள், யாரும் பார்க்காத ஓரத்தில் நின்றுகொண்டு. சிகா. வண்டி அசையவில்லைபோல இருந்தது, பிறகு லேசாக நகர்ந்தது. ஒரு தடவை நிறுத்தினாள், இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார், மறுபடி எடுத்தாள். என்ஜின் மேடையில் வட்டம் முடிகிற இடத்தில் தண்டவாளமும் தண்டவாளமும் சேரும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது, எல்லாரும் கை தட்டினார்கள். இங்கே சத்தம் ஒன்றும் வரவில்லை. கம்புகள் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. இன்ஸ்பெக்டர் கோப்பில் ஒரு கோடு இழுத்து, “சரி, எடு, அடுத்தது” என்றார்.

மாஸ்டர் இறங்கிக்கொண்டு, “ஆண்டவரே!” என்று வானத்தைப் பார்த்தார். “மேடம், நீங்க ஏறுங்க. கேட்டு வரைக்கும் பாப்பாவே மெதுவா கொண்டு வரட்டும், நான் கூடவே நடந்து வர்றேன், ரோட்டுக்கு லைசென்ஸ் கைக்கு வந்தப்புறம்.” சித்தி பையை எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் பழக்கத்தில், முப்பது வருடப் பழக்கத்தில், நேரே வலப்பக்கம் வந்து ஒடுக்கு விழுந்த கதவைத் திறந்தாள். உள்ளே மிருதுளா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “மேடம், நீங்களா ஓட்டப் போறீங்க?” என்று மிருதுளா கேட்டாள், மாஸ்டருக்கும் வரிசையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கிறமாதிரி, சத்தமாக. சித்தியின் கை கதவிலேயே இருந்தது. பிறகு அந்த ஒடுக்கை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டுக் கதவைச் சாத்தினாள், பானெட்டைத் தொட்டுக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தாள், இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள், பெல்ட்டை இழுத்து மாட்டினாள். நேராக முன்னால் பார்த்தபடி, வலக்கையை நீட்டித் துழாவாமல், அங்கே இருக்கும் என்று தெரிந்த இடத்தில் மிருதுளாவின் தோளைத் தட்டினாள். “எடு” என்றாள்.